காப்புறுதியற்ற வாகனமும் வீதியில் நடப்பவரின் உரிமையும்: ஊவா மலையகத்தை முன்வைத்து

மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாத வாகனத்தை வீதியில் செலுத்தக் கூடாது என்று 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கிறது. அடிபட்டவருக்கு நட்டஈடு கிடைக்க வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம். ஆனால் சட்டம் கடமையை வாகனத்தின்மேல் சுமத்தியதே தவிர, பாதுகாப்பை அடிபட்டவரின் உரிமையாக முழுமையாக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். வருமான உத்தரவுப்பத்திரம் பெறும்போது காப்புறுதிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். எனினும் இரண்டும் ஒரே நாளில் காலாவதியாக வேண்டியதில்லை. முச்சக்கரவண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிய பத்திரம் செல்லுபடியாக இருக்கையிலேயே, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் காப்புறுதி அட்டையின் திகதி கடந்துபோயிருக்கலாம். கொழுந்துக் கூடையோடு ஓரமாக ஒதுங்கி நிற்கும் பெண் அந்தத் திகதியைப் பார்த்துவிட்டு வீதியைக் கடக்க முடியாது.

ஊவாவில், ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு இறங்கும் வீதி போன்ற தோட்டப் பாதைகளில் லயத்தையும் மலையையும் பாடசாலையையும் இணைப்பது பெரும்பாலும் நடைதான். 2021 மார்ச் 20 அன்று பசறை 13ஆம் கட்டைக்கு அருகே தனியார் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது காப்புறுதியின்மைக்குச் சான்று அன்று. ஆனால் இவ்வீதிகளில் ஒரு கணப் பிழைக்கு எத்தனை குடும்பங்கள் விலை கொடுக்க நேரும் என்பதை அது காட்டியது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானதும் அதே மாதத்தில்தான். இத்தகைய நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் ரோமன்-டச்சுச் சட்டப்படி சாரதியின் கவனயீனத்தை நிரூபித்து, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். வாகனம் காப்புறுதி செய்யப்பட்டிருந்தால் தீர்ப்புத் தொகையை நிறுவனம் செலுத்தும். இல்லையேல் தீர்ப்பு, கையில் ஒன்றுமில்லாத உரிமையாளரின் பெயரில் எழுதிய வெறும் காகிதம்.

முழுக் காப்புறுதி எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். அது வாகனம் வைத்திருப்பவரைக் காக்கும். நடப்பவரிடம் காப்புறுதி செய்ய வாகனமே இல்லை. எனவே காப்புறுதியற்ற வாகனத்தால் அடிபட்டவருக்குப் பொது நிதியொன்றிலிருந்து நட்டஈடு கிடைக்க வேண்டும். நேர்மையாகக் கட்டுப்பணம் செலுத்துவோர், செலுத்தாதோரின் சுமையை ஏன் தாங்க வேண்டும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் அப்பணம் போய்ச்சேர்வது தவறிழைத்தவரிடமல்ல, அடிபட்டவரிடம். கொடுத்த தொகையை உரிமையாளரிடமிருந்து கடனாக அறவிட்டு, தண்டனையையும் நிலைநிறுத்தினால் தவறு இலாபமாகாது. பிரித்தானியாவில் காப்புறுதி நிறுவனங்கள் ஒன்றிணைந்து 1946இல் அமைத்த மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் இவ்வழியிலேயே இயங்குகிறது. மோதிவிட்டுத் தப்பியோடும் வாகனங்களால் இறப்போருக்கு 2 இலட்சம், படுகாயமடைவோருக்கு 50,000 இந்திய ரூபாய் என இந்தியா 2022 ஏப்ரலில் தொகையை உயர்த்தியது. இலங்கையிலும், அடையாளம் தெரியாத வாகனங்களால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பு வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபைக்கு உண்டு.

ஆகவே அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. வாகனமும் சாரதியும் அடையாளம் தெரிந்து, காப்புறுதி மட்டும் இல்லாதபோதும் அதே உத்தரவாதம் கிடைக்கும் என்று ஐயத்துக்கிடமின்றிச் சட்டத்தில் எழுத வேண்டும். விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே தமிழில் கொடுக்க வழிசெய்ய வேண்டும். வாகனத்தின் காப்புறுதி காலாவதியாகலாம். நடப்பவரின் உரிமை காலாவதியாகக் கூடாது.