நிலப்பிரபு இல்லாத ஊரில் சே

1965 ஏப்ரலில் தாங்கன்யிகா ஏரியைப் படகில் கடந்து, கிழக்குக் காங்கோவின் கிபாம்பாவில் சே குவேரா இறங்கினார். புனைபெயர் 'டாட்டு', ஸ்வாஹிலியில் மூன்று என்று பொருள். நவம்பரில் அதே ஏரி வழியாகத் தோற்றுத் திரும்பினார்.

ஏன் தோத்தார்னு கேட்டால் எல்லாரும் முதலில் 'தாவா' கதையைத்தான் எடுப்பார்கள். போராளிகளுக்கு மந்திர மருத்துவர் ஒரு மருந்து போடுவார், குண்டு துளைக்காது. ஆனால் திருடக் கூடாது, பெண்ணைத் தொடக் கூடாது, பயப்படக் கூடாது. எவனாவது செத்தால் அவன் விதியை மீறியவன். தோல்வி மருந்தின் மேல் ஏறவே ஏறாது. (சித்தாந்தம் சரி, அமல்படுத்தியவர்கள்தான் தப்பு என்று நாம் கேட்டதே இல்லையா என்ன?)

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அதை சேவே தன் காங்கோ குறிப்புகளில் கவனித்திருக்கிறார். கியூபாவில் சியெர்ரா மாயெஸ்த்ரா மலை விவசாயிக்கு நிலம் வேண்டியிருந்தது; அவனை விரட்டுகிற நிலப்பிரபு கண்ணெதிரே இருந்தான். இந்த ஏரிக்கரையில் ஜனம் குறைவு, நிலம் தாராளம். ஏற்கெனவே பயிர் செய்கிறவனிடம் போய் "உனக்கு நிலம் வாங்கித் தருவோம்" என்றால் அவன் என்ன சொல்வான்? கூட இருந்த ருவாண்டா துத்சிகளுக்கோ ஊர் திரும்புவதுதான் கனவு. தலைவர் கபிலா ஜூலையில் வந்தார், சில நாளில் கிளம்பிவிட்டார். வெள்ளைக் கூலிப்படை நெருங்கியதும், தான்சானியா உதவியை நிறுத்தச் சொன்னதும் மீதியை முடித்துவைத்தன.

'ஆப்பிரிக்காவுக்கு மார்க்சியம் ஒத்துவராது' என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுதுவது சோம்பேறித்தனம். அதே 1965இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் மாணவர்கள் 'உழுபவனுக்கே நிலம்' என்று ஊர்வலம் போனார்கள். அதுவும் இறக்குமதிக் கோஷம்தான். ஆனால் அந்நாட்டின் தெற்கே குத்தகைதாரன் விளைச்சலில் பெரும்பங்கை நிலப்பிரபுவுக்கு அளந்துகொண்டிருந்தான். 1975 மார்ச்சில் டெர்க் ராணுவ அரசு கிராமப்புற நிலம் முழுவதையும் பொதுவுடைமையாக்கியபோது தெற்கத்தி விவசாயிகள் கொண்டாடினார்கள். அந்த விவசாயியையே 80களில் வீட்டைப் பிரித்துப் புதுக் கிராமத்துக்குப் போகச் சொன்னது டெர்க். யாரும் கேட்காத ஒன்று! கெடுபிடியால்தான் அதை நடத்த முடிந்தது. 1991இல் டெர்க் விழுந்தது. லெனின் சிலையும் இறங்கியது. டெர்க்கை வீழ்த்தி வந்தவர்கள் நிலச் சட்டத்தின் அடிப்படையில் மட்டும் கை வைக்கவில்லை: 1995 அரசியலமைப்பிலும் நிலம் அரசுக்கும் மக்களுக்கும் உரியது, விற்க முடியாது.