மூன்றில் ஒரு பங்கு

ஒளிப்படக் கலை பழகுபவருக்கு முதல் பாடமாகச் சொல்லப்படும் ‘மூன்றில் ஒன்று’ விதி, கேமராவுக்கு மூத்தது. லண்டன் செதுக்கு ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித், நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றி 1797இல் வெளியிட்ட நூலில் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். தாகேரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல்தான்.

ஸ்மித் பேசியது பரப்பளவைப் பற்றி. படத்தில் வானம் இரண்டு பங்கு என்றால் நிலம் ஒரு பங்கு. இல்லையேல் மாற்றி வைக்கலாம். நீரும் நிலமும் சேர்ந்து வரும் இடத்திலும் இதே கணக்கு. சரிபாதியாகப் பிரிப்பதைவிட இது கண்ணுக்கு இதமானது என்பது அவர் வாதம். இன்று வ்யூஃபைண்டரில் தெரியும் நான்கு கோடுகளும், அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியில் முகத்தை வை என்ற அறிவுரையும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

ஓவியத்தின் இலக்கணத்தை ஒளிப்படத்துக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் ஹென்றி பீச் ராபின்சன். காசநோயில் சாகும் பெண்ணைக் காட்டும் அவரது 1858ஆம் ஆண்டுப் படம், ஐந்து நெகட்டிவ்களை இணைத்து உருவானது. 1869இல் அவர் எழுதிய பாடநூல், சமநிலையையும் முக்கோண அமைப்பையும் விதிகளாக வகுத்தது. இயற்கையே போதும், விதிகள் வேண்டாம் என்று பீட்டர் ஹென்றி எமர்சன் 1889இல் எதிர்நூல் எழுதினார். மறு ஆண்டே தம் கொள்கை செத்துவிட்டதாகக் கறுப்புக் கரையிட்ட சிறு வெளியீட்டில் அவரே அறிவித்ததுதான் வேடிக்கை.

சட்டகத்தின் விகிதம் பிறந்த கதை வேறு. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக், சினிமாவின் 35 மி.மீ. சுருளையே தம் சிறு கேமராவுக்கு எடுத்துக்கொண்டார். சினிமாவில் சுருள் செங்குத்தாக ஓடும். ஒரு சட்டகம் 18×24 மி.மீ. பர்னாக் சுருளைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டு, இரண்டு சட்டகங்களின் இடத்தை ஒன்றாக்கினார். கிடைத்தது 24×36, அதாவது 3:2. 1925இல் அந்தக் கேமரா லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபின் அந்த விகிதமே உலக வழக்கமானது. இந்த 1.5இல் பொன் விகிதமான 1.618ஐத் தேடுபவர்கள் உண்டு. அது சினிமாச் சுருள் விட்டுச்சென்ற அளவு, அவ்வளவே.

லைக்காவால் புகழ்பெற்ற ஆன்றி கார்த்தியே-பிரெசோன், ஓவியர் ஆந்த்ரே லோத்திடம் வடிவியல் பயின்றவர். கோணமும் கோடும் அவருக்கு உயிர். ஆனால் வ்யூஃபைண்டரில் மாட்டும் கட்டச் சட்டங்கள் கடைகளில் விற்பனைக்கு வரும் நாளைக் காணக் கூடாது என்று 1952இல் வெளியான தம் நூலில் எழுதினார். இப்போதைய கைபேசிக் கேமராக்களில் அந்தக் கட்டம் விலையில்லாமலே கிடைக்கிறது.