செம்மையை அடக்கும் நீலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தாராவியின் தோல் பதனிடும் தொட்டிகளருகே குடியமர்ந்தவர்களும், பின்னர் உத்தியோகம் நாடி மாதுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றிய குடும்பங்களும் தத்தம் ஊர்ப் பழக்கங்களைப் பம்பாய்க்கு உடன் கொண்டுபோயினர். கேச வர்ணத்தைப் பொறுத்தவரை நம்மவர் கைப்பழக்கத்தில் இருந்த ஞானம் சாமானியமானதன்று. மருதாணி மட்டும் இட்ட நரை செம்பட்டையாக நிற்கும். அதன்மேல், வெதுவெதுப்பான நீரில் குழைத்துக் கால் மணி நேரம் ஊறவைத்த அவுரியிலைப் பொடியை அப்பினால், அலசியவுடன் சற்றே பசுமை காட்டி, காற்றுப் படப்பட ஓரிரு நாளில் கரும்பழுப்பாக இறங்கும்.

1818-இல் தேனார் என்னும் பிரெஞ்சு ரசாயனி கண்டறிந்த ஹைட்ரஜன் பெராக்சைடு, அந்நூற்றாண்டிலேயே கூந்தலை வெளுக்கவும் பிரயோகமாயிற்று. கருங்கூந்தலில் கருநிறமி முதலில் சிதைய, செந்நிறமி பிடிவாதமாக எஞ்சுவதால், நம் கேசம் பொன்னிறத்தை எட்டுமுன் பித்தளைச் சிவப்பிலேயே தங்கிவிடுகிறது. இன்று செம்பூர் அழகு நிலையங்களில் அதற்குப் பூசும் டோனர், மஞ்சளுக்கு ஊதாவையும் செம்மஞ்சளுக்கு நீலத்தையும் எதிர்நிறுத்துவது. வெள்ளை வேட்டியின் பழுப்பைச் சொட்டு நீலம் மறைப்பதும் இதே நியாயம். ஆகவே மருதாணிச் செம்பட்டைமேல் தன் நீலச் சாயத்தை ஏற்றும் அவுரியே டோனருக்கு முன்னோடி என்று கருதுகிறேன். 1897-இல் ஜெர்மானியரின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் அவுரிச் சாகுபடி நலிந்தது. எனினும் திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிராகிறது.