இரவல் அண்டாவும் வாடகை அண்டாவும்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. வைகாசியில் நடக்கப்போகும் கல்யாணத்துக்குப் பந்தல், பாத்திரம், நாற்காலி, மைக் செட், ஜெனரேட்டர் என்று வாடகைப் பட்டியல் ஒன்று வந்திருந்தது. அதைப் பார்த்த ஒருவர், "அந்தக் காலத்துல ஊரே கூடிக் கல்யாணம் பண்ணுச்சு. ஒத்தப் பைசா வாடகை உண்டுங்களா?" என்று எழுதினார். பலரும் கைதட்டினார்கள். முப்பது வருசத்துக்கு மேல் வரலாறு நடத்தியவனுக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல வராது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

வாடகை இல்லாத கல்யாணம் எப்படி நடந்தது என்று முதலில் பார்ப்போம். கொங்கு நாட்டுச் சீர்க் கல்யாணம் ஒரு வேளையில் முடிகிற காரியம் அல்ல. இரண்டு மூன்று நாள் சீர் நடக்கும். முகூர்த்தக்கால் நட்டு, தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, ஒறம்பரை மொத்தத்துக்கும் ஆக்கிப் போடவேண்டும். மண்பானைகளைக் குயவர் கொண்டுவந்து கொடுப்பார். பந்தலுக்கு மேற்கட்டித் துணி, மணமக்கள் நடக்க நடைபாவாடை, இரவில் தீப்பந்தம் இவையெல்லாம் வண்ணாரின் பொறுப்பு. மங்கல வாழ்த்துப் பாடுவது நாவிதர். இவர்கள் யாரும் பில் கொடுக்கவில்லை என்பது உண்மை. அறுவடை முடிந்ததும் களத்தில் அளந்து போடும் தானியம்தான் அவர்களுக்கு வருசக் கூலி. எவ்வளவு அளப்பது என்பதைக் களத்துக்காரர் முடிவு செய்வார். கல்யாணத்துக்கு வரமுடியாது என்று சொல்லும் உரிமை அவர்களுக்குக் கிடையாது.

ஆக, வாடகை இல்லை என்பது சரி. செலவே இல்லை என்பது சரியல்ல. அந்தச் செலவை வேறொருவர் முதுகு சுமந்தது. கணக்கு நோட்டில் ஏறாததால் நமக்கு அது இலவசமாகத் தெரிகிறது.

அடுத்தது பாத்திரம். பெரிய அண்டா எல்லா வீட்டிலும் இருக்காது. ஊர்க் கோயிலில் இருக்கும், அல்லது பண்ணையக்காரர் வீட்டில் இருக்கும். இரவல் கேட்கவேண்டும். இரவல் வாங்கினவர் அடுத்த நாற்று நடவுக்கோ களை வெட்டுக்கோ கூப்பிட்ட உடனே போய் நிற்கவேண்டும். என் அம்மா சொல்வார்கள்: "அண்டாவைத் திருப்பிக் குடுத்தாலும் கடன் தீராது, கண்ணு." தீண்டாமை இருந்த ஊர்களில் கோயில் அண்டா காலனிக்குப் போனதே இல்லை. 1950இல் அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதைக் குற்றமாக்கித் தனிச் சட்டமும் வந்தது. சட்டம் வந்த அன்றே அண்டா வந்துவிடவில்லை. "ஊரே கூடி" என்று சொல்லும்போது, அந்த ஊருக்குள் யார் யார் சேர்த்தி என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இந்த நிலையில்தான் வாடகைக் கடை வருகிறது. அதற்கு நம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நம் 15 வேலம்பாளையத்தை ஒட்டி இருப்பது அனுப்பர்பாளையம். பித்தளை, செம்புப் பாத்திரத்துக்குத் தமிழ்நாடு முழுக்கப் பெயர் போன ஊர். என் மாணவர்களில் எத்தனையோ பேருடைய அப்பாக்கள் பட்டறையில் தகடு தட்டியவர்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நடந்தால் தெருவெல்லாம் சம்மட்டிச் சத்தம் கேட்கும். கூலி உயர்வுக்காக அவர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாட்களில் மட்டும் ஊர் அமைதியாக இருக்கும். அந்த நாட்களில் வகுப்பில் சில பிள்ளைகளின் சாப்பாட்டுத் தூக்கும் லேசாக இருக்கும்.

செம்பும் துத்தநாகமும் கலந்தால் பித்தளை என்று படித்திருப்பீர்கள். புளி சேர்ந்த சாம்பாரும் ரசமும் வெறும் பித்தளையில் கொதித்தால் களிம்பு இறங்கி வயிற்றைக் கெடுக்கும். அதனால் உள்ளே ஈயம் பூசவேண்டும். நம் பேச்சில் ஈயம் என்றாலும் அது வெள்ளீயம்தான். 232 டிகிரியில் உருகிவிடும். அண்டாவைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைப் பஞ்சால் தேய்த்துவிட்டால் உள்ளே வெள்ளி மாதிரி பளபளக்கும். கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் வாடகைக் கடை வாசலில் இந்த வேலை நடக்கும். பிறகு எவர்சில்வர் வந்தது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகின் வழித்தோன்றல் அது. 1980களில் சேலம் உருக்காலையிலிருந்தே அந்தத் தகடு வர ஆரம்பித்தது. ஈயம் பூசுகிறவர்களின் வேலை மெதுவாகக் குறைந்துபோனது.

வெளிச்சத்துக்கும் ஒரு கதை உண்டு. தீப்பந்தத்துக்குப் பின் வந்தது பெட்ரோமாக்ஸ் விளக்கு. ஜெர்மனியில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் கம்பெனி செய்தது. பெட்ரோலியத்தோடு அவர் பெயரையும் சேர்த்து வைத்த பெயர்தான் பெட்ரோமாக்ஸ். மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட முதல் சாமான்களில் இதுவும் ஒன்று. 1932இல் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் இறங்கியது. மின்சாரம் ஊர் ஊராகப் பரவப் பரவ டியூப் லைட்டு, சீரியல் லைட்டு, குழாய் ஒலிபெருக்கி எல்லாம் வாடகைக் கடைக்குள் ஏறின. தரையில் விரித்த பவானி ஜமுக்காளம் போய் இரும்பு மடக்கு நாற்காலி வந்தது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலி. 1972இல் பிரான்சில் ஹென்றி மாசோனே வடிவமைத்த வார்ப்பு நாற்காலியின் குடும்பம் அது. ஜமுக்காளக் காலத்தில் யார் முன்னால், யார் ஓரத்தில், யார் பந்தலுக்கு வெளியே என்று ஒரு வரிசை இருந்தது. ஒரே மாதிரி முந்நூறு நாற்காலியைப் போட்டுவிட்டால், அந்த வரிசையை வைத்துக்கொள்வது கொஞ்சம் சிரமம்தான்.

1980களில் பனியன் ஏற்றுமதி பெருகியது. மதுரை, தேனி, திண்டுக்கல், தென்காசிப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக இங்கே வந்தார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறார்கள். லைன் வீட்டில் ஒரே அறையில் குடியிருப்பவருக்கு இங்கே பங்காளி இல்லை, கோயில் அண்டா இல்லை, பந்தல் போட இடமும் இல்லை. அவர் மகளுக்குக் கல்யாணம் என்றால் யாரிடம் போவார்? வாடகைக் கடைக்குத்தான். சீட்டில் பெயர், தெரு, தேதி, சாமான் எண்ணிக்கை, முன்பணம் என்று எழுதுவார்கள். சாதிக்கு அந்தச் சீட்டில் ஒரு கட்டம் கிடையாது. கடைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பண்ணையக்காரரிடம் கைகட்டி நின்றவரின் பேரன், கடை வாசலில், "அண்டா ஒழுகுது, வேற குடுங்க" என்று கேட்கமுடிந்தது. காசு கொடுத்ததால் வந்த தைரியம் அது.

இந்தத் தொழிலுக்கும் அடி விழுந்திருக்கிறது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத் தீ விபத்து. வீடியோ விளக்குக்குப் போன மின்கம்பியில் பொறி கிளம்பிக் கீற்றுக் கொட்டகையில் பிடித்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். அதன் பிறகு எந்தக் கீற்றைப் பார்த்தாலும் என் கண் முதலில் கம்பியைத் தேடும். 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தது. கல்யாண வீட்டார் இரண்டரை லட்சம் வரை எடுக்கலாம் என்றார்கள். ஆனால் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கம் வாங்குகிற பந்தல்காரரும் சமையல்காரரும் தமக்கு வங்கிக் கணக்கு இல்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார்கள். 2020இல் கொரோனா வந்து, கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றார்கள். ஐம்பது பேருக்கு எதற்கு வாடகை அண்டா? நம் தெருக் கடையில் நாற்காலிகள் கூரை வரை அடுக்கி மாதக்கணக்கில் தூசி படிந்து கிடந்தன. சுமை தூக்கும் பையன்கள் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், பாதிப் பேர் திரும்பவில்லை.

பழைய காலத்தில் நல்லது எதுவும் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. காய் நறுக்க வந்த பத்துப் பெண்களின் பேச்சும் சிரிப்பும் எந்தக் கடையிலும் வாடகைக்குக் கிடைக்காது. அது வேண்டுமானால் நாம்தான் முதல் நாளே போய் அருவாமணை முன் உட்காரவேண்டும். அதற்கு இன்றைக்கும் யாரும் தடை சொல்லவில்லை.

கல்யாணம் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, வாத்தியார் என்ற உரிமையில் சில வார்த்தை.

முகூர்த்த நாளில் ஊர் முழுக்கக் கல்யாணம் இருக்கும். மண்டபம் பிடித்த கையோடு பாத்திரக் கடைக்கும் முன்பணம் கொடுங்கள். மண்டபத்தில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று சமையல்காரரைக் கூட்டிப்போய்ப் பார்த்த பிறகு பட்டியல் எழுதுங்கள். வாங்கும்போது ஒருவர், திருப்பும்போது வேறொருவர் என்றால் கரண்டிக் கணக்கு உதைக்கும். இரண்டுக்கும் ஒரே ஆளை நிறுத்துங்கள். நசுங்கல், ஓட்டை இருந்தால் ஏற்றும்போதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பித்தளை அண்டா என்றால் உள்ளே ஈயம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஜெனரேட்டரைப் பந்தலுக்குள்ளோ சமையல்கட்டுப் பக்கமோ வைக்கவிடாதீர்கள். கம்பி இணைப்பை எலெக்ட்ரீசியன் ஒருமுறை பார்க்கட்டும். வெளியேறும் வழியில் நாற்காலி அடுக்கவேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்பது சட்டம். அடுத்த வீட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவரோ, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ இருக்கலாம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கும் தடை இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுத்தால் குப்பையும் குறையும், அனுப்பர்பாளையத்துக்கும் வேலை கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. கல்யாணம் முடிந்த இரவு, மண்டபம் காலியான பிறகு, சாமான் ஏற்ற டெம்போவில் நான்கு பேர் வருவார்கள். பெரும்பாலும் பதினொரு மணிக்கு மேல்தான் வருவார்கள். பந்தி முடிந்துவிட்டது என்று அவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பிவிடாதீர்கள். பழைய முறையில் வேலை செய்தவர்களுக்குக் கடைசிப் பந்திதான் கிடைத்தது. வாடகை முறையில் பல இடங்களில் அதுவும் கிடைப்பதில்லை. நான்கு இலைக்குச் சோறும் சாம்பாரும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லிச் சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறந்துபோகும். எழுதுகிற பட்டியலில் அண்டா, குண்டாவுக்கு மேலே முதல் வரியாக அதை எழுதிவையுங்கள்.

உங்கள் ஊரில் அண்டா யார் வீட்டிலிருந்து வந்தது, யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்
15 வேலம்பாளையம்