திருப்பி அழைக்கப்பட்ட மாணாக்கர்

1847ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, கன்ரன் நகருக்கு அணித்தாயுள்ள வம்போவாத் துறையிலிருந்து 'ஹன்ட்ரஸ்' என்னும் பாய்க்கப்பல் ஒன்று தேயிலைச் சரக்கேற்றிக்கொண்டு நியூயோர்க்கை நோக்கிப் புறப்பட்டது. அக்கப்பலிலே மூன்று சீன இளைஞர் இருந்தனர். அவர்களை உடனழைத்துச் சென்றவர், ஹொங்கொங்கிலே மொறிசன் பாடசாலையை நடத்திவந்த சாமுவேல் பிரவுண் என்னும் அமெரிக்கப் பாதிரியார். உடல்நலங் குன்றித் தாயகந் திரும்ப வேண்டியவரான அவர், ஒருநாள் வகுப்பிலே, தம்முடன் அமெரிக்கா வந்து கல்வி கற்க விரும்புவோர் எழுந்து நிற்கலாம் என்றார். முதலில் எழுந்து நின்றவன் யுங் விங் என்னும் ஏழை மாணவன். மக்காவோவை அடுத்த ஒரு சிற்றூரிலே 1828இற் பிறந்த அவனுக்குத் தந்தை இல்லை. தாயார் அரைமனத்தோடு விடைகொடுத்தார். தொண்ணூற்றெட்டு நாட் கடற்பயணத்தின் பின்னர் கப்பல் நியூயோர்க்கை அடைந்தது.

மூவரும் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து மொன்சன் என்னும் ஊரிலுள்ள பாடசாலையிற் சேர்ந்தனர். ஒருவர் நோய்வாய்ப்பட்டு அடுத்த ஆண்டே திரும்பினார். மற்றொருவர் வைத்தியங் கற்க எடின்பரோ சென்றார். யுங் விங் மட்டும் யேல் கல்லூரிக்குச் செல்ல விரும்பினார். ஆனாற் கையிலே பணமில்லை. மொன்சன் பாடசாலையின் தருமகர்த்தாக்கள் உதவி செய்ய முன்வந்தனர். படிப்பு முடிந்ததும் சமயபோதகராகச் சீனாவுக்குத் திரும்புவதாக எழுத்து மூலம் உறுதி தரவேண்டும் என்பது அவர்களது நிபந்தனை. அதற்கு அவர் இணங்கவில்லை. சீனாவுக்கு எந்த வழியால் மிகுந்த நன்மை செய்ய இயலுமோ அந்த வழியைப் பின்னர்த் தாமே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் சொன்ன நியாயம். கையிலே காசில்லாத அந்நிய மாணவன் ஒருவன் இவ்வாறு மறுத்தமை சிறிய காரியமன்று. பின்னர் ஜோர்ஜியா மாநிலத்துச் சவன்னா நகரப் பெண்கள் சங்கமொன்று அவருக்கு உதவியது. மாணாக்கர் உணவுச் சாலையொன்றின் கணக்குகளைக் கவனித்தும், ஒரு விவாதக் கழகத்தின் நூலகத்தைப் பார்த்தும் அவர் மிகுதியைத் தேடிக்கொண்டார். கணிதத்திலே அவருக்குச் சறுக்கல். ஆங்கிலக் கட்டுரையிலோ இரண்டாம் ஆண்டில் இருமுறை முதற்பரிசு. 1854ஆம் ஆண்டு அவ்வகுப்பிலே பட்டம் பெற்ற 98 பேருள் அவரும் ஒருவர். அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றிற் பட்டம் பெற்ற முதற் சீனர் அவரே.

யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு இந்நியூ இங்கிலாந்துப் பகுதி முற்றும் அந்நியமானதன்று. 1816 முதல் அங்கு வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவிய அமெரிக்க மிசனரிமார் பலர் அப்பகுதிக் கல்லூரிகளிற் பயின்றவர்களே. ஆனால் வட்டுக்கோட்டையிலே ஆசிரியர் கடல் கடந்து வந்தார். மாணாக்கர் தம் வீட்டுக்கு அருகிலேயே கற்றனர். மாணாக்கரே கடல் கடந்து செல்லும்போது நிகழ்வது வேறு. யுங் விங் தாயகந் திரும்பியபோது தாய்மொழியே அவர் நாவுக்கு வழங்க மறுத்தது. கன்ரனிலே தங்கிப் பேச்சையும் எழுத்தையும் மீண்டுங் கற்கவேண்டியதாயிற்று.

எனினும் யேலிலே கடைசியாண்டில் அவர் மனத்திலே தோன்றிய எண்ணம் ஒன்று மாறவில்லை. தமக்குக் கிடைத்த கல்வி அடுத்த தலைமுறைச் சீனப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவேண்டும் என்பதே அது. அதற்கு அவர் காத்திருந்த காலம் பதினெட்டு ஆண்டுகள். 1863இல் செங் குவோஃபான் என்னும் பேரதிகாரி அவரை அழைத்து, ஷங்காயில் அமைக்கவிருந்த படைக்கலச் சாலைக்கு அமெரிக்காவிலிருந்து இயந்திரங்கள் வாங்கிவருமாறு பணித்தார். அவ்வேலை செவ்வனே முடிந்தது, நம்பிக்கை பிறந்தது. 1870இல் அவர் தம் திட்டத்தை எடுத்துரைத்தபோது, செங் குவோஃபானும் லீ ஹொங்சாங்கும் அதனை ஏற்று அரசவைக்கு விண்ணப்பித்தனர். ஆண்டுக்கு முப்பது பேராக நான்கு ஆண்டுகளில் 120 சிறுவரை அனுப்புவது. ஒவ்வொருவரும் பதினைந்து ஆண்டு தங்கிக் கற்பது. செலவை ஷங்காய்ச் சுங்கவரியிலிருந்து கொடுப்பது. இதுவே திட்டம்.

சிறுவரைத் திரட்டுவதுதான் கடினமாயிருந்தது. அரசாங்கப் பதவிக்கு வழி பழைய நூல்களைக் கற்றுப் பரீட்சையிலே தேறுவதேயாயிருக்க, மகனைப் பதினைந்து ஆண்டு பிறநாட்டுக்கு அனுப்ப எந்தப் பெருங்குடும்பம் விரும்பும்? வடசீனத்திலிருந்து பிள்ளைகள் பெரும்பாலும் வரவில்லை. முதற் குழுவை நிரப்ப யுங் விங் ஹொங்கொங் பாடசாலைகளுக்கே செல்ல நேர்ந்தது. பெரும்பாலோர் கடலோரக் குவாங்டொங் மாகாணத்தவர். பன்னிரண்டு வயதை அண்டிய சிறுவர். பிள்ளைக்கு நோயோ மரணமோ நேரின் அரசாங்கம் பொறுப்பன்று என்று தந்தையர் பத்திரத்திற் கையெழுத்திட்டுக் கொடுத்தனர். 1872 ஓகஸ்டில் முதற் குழு ஷங்காயை விட்டது. செங் குவோஃபான் அதனைக் காணவில்லை; அவ்வாண்டு தொடக்கத்திலே அவர் காலமாகிவிட்டார்.

சன் பிரான்சிஸ்கோவிலிருந்து புகைவண்டியேறி, மூன்றே ஆண்டுகளுக்கு முன்னர் இணைக்கப்பட்ட கண்டங்கடந்த பாதையாற் கிழக்கே வந்த சிறுவர், கனெற்றிக்கற் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஊர்களிலே, இருவர் மூவராகக் குடும்பங்களில் விடப்பட்டனர். தலைமை நிலையம் ஹார்ட்போர்ட் நகரில் அமைந்தது. இரண்டாங் குழுவிலே வந்த லீ யான் பூ என்பவர் பின்னர் எழுதிய நூலிலே, தம்மை ஏற்க வந்த அம்மையார் யாவர் முன்னிலையிலும் தம்மைக் கட்டியணைத்து முத்தமிட்டதையும், மற்றச் சிறுவர் அதைக் கண்டு நகைத்ததையும், குழந்தைப் பருவத்தின் பின் தமக்குக் கிடைத்த முதல் முத்தம் அதுவே என்பதையும் குறித்திருக்கிறார். நீண்ட அங்கியும் பின்னற் சடையுமாய் வீதியிலே சென்றவர்களைப் பெண்பிள்ளைகள் என்று கேலி செய்தனர். சில காலத்தில் அங்கி போய்க் காற்சட்டை வந்தது. சடையை மட்டும் வெட்டக்கூடாது. அது மஞ்சூ அரசுக்குக் கீழ்ப்படிதலின் அடையாளம். வெட்டினால் நாடு திரும்புதற்கில்லை.

படிப்பிலே அவர்கள் விரைந்து முன்னேறினர். விளையாட்டிலே அதைவிட விரைந்து. ஹாவார்டுக்கு எதிரான படகுப் போட்டியிலே யேல் படகின் சுக்கானைப் பிடித்தவர் சுங் மன் யூ என்னும் சீன மாணவர். சடையைச் சட்டைக்குள்ளே செருகிக்கொண்டு பேஸ்போல் ஆடினர். முறைவைத்து ஹார்ட்போர்ட் நிலையத்துக்கு வந்து சீன மொழிப் பாடமும் கற்றனர். குறித்த நாள்களிலே சக்கரவர்த்தியின் திசைநோக்கி வணங்கினர். எந்தப் பாடம் அவர்களுக்கு இனித்தது என்பதை ஊகிப்பது கடினமன்று.

இவ்விடத்திலே ஒன்றைக் குறிப்பிடாது விடலாகாது. இதே ஆண்டுகளில், யுங் விங்கும் அவருடன் அனுப்பப்பட்ட மூத்த ஆணையாளர் சென் லான்பின்னும் வேறொரு கடமைக்கும் அனுப்பப்பட்டனர். கியூபாவிலும் பெருவிலும் சீனக் கூலிகள் நடத்தப்படும் முறையை ஆராய்வதே அக்கடமை. பெருவுக்குச் சென்ற யுங் விங், சவுக்கடித் தழும்பேறிய கூலிகளின் முதுகுகளைப் படம்பிடித்துக் கொண்டுவந்தார். ஒரு கடலின் வழியே கல்லூரிக்குச் சென்றவரும் தோட்டத்துக்குச் சென்றவரும் ஒரே நாட்டவர். பலர் ஒரே மாகாணத்தவர்.

பழைமையில் ஊறிய அதிகாரிகளுக்குச் சிறுவரின் மாற்றம் அச்சமூட்டியது. கடைசியாக வந்த ஆணையாளர் வூ சூடெங், பிள்ளைகள் பெரியோரை மதியாதவராயினர், கோயிலுக்குச் சென்று கிறித்தவராகின்றனர், சீன எழுத்தை மறக்கின்றனர் என்று பீக்கிங்குக்கு எழுதினார். யுங் விங் தாமே 1875இல் கெலொக் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணந்திருந்தார். இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் வூ சூடெங்கையே முழுக் குற்றவாளியாக்குவர். அது முற்றும் நீதியாகாது. பன்னிரண்டு வயதிற் பெற்றோரைப் பிரிந்து, பதினைந்து ஆண்டு அயல்வீட்டில் வளரும் பிள்ளை தாய்மொழியை இழப்பான் என்ற கவலை பொய்க் கவலையன்று. யுங் விங்கின் நாவே அதற்குச் சான்று. வூவின் தவறு வேறு. பீரங்கி வார்க்கும் வித்தை மட்டும் பிள்ளையோடு வரவேண்டும், கேள்வி கேட்கும் பழக்கம் வரலாகாது என்று எதிர்பார்த்தமையே அது.

எனினும் திட்டத்தின் அத்திவாரத்தை ஆட்டியவர் வூ மட்டுமல்லர். லீ ஹொங்சாங் இம்மாணாக்கரிடம் முதன்மையாக எதிர்பார்த்தது தரைப்படைக்கும் கடற்படைக்கும் தளபதிகளை. 1868ஆம் ஆண்டின் பேர்லிங்கேம் உடன்படிக்கை, அமெரிக்க அரசாங்கத்தின் கீழுள்ள கல்விச்சாலைகளிலே சீனர் கற்கும் உரிமையை எழுத்திலே தந்திருந்தது. அதனை நம்பி யுங் விங், வெஸ்ட் பொயின்ற், அனாபொலிஸ் ஆகிய படைக் கல்லூரிகளிலே மாணாக்கருக்கு இடங் கேட்டார். சீன மாணாக்கருக்கு அங்கு இடமில்லை என்று மறுமொழி வந்தது. யப்பானிய மாணவரொருவரோ 1873இலேயே அனாபொலிசிற் கற்றுத் தேறியிருந்தார். அக்காலத்திலே கலிபோர்னியாவிற் சீனருக்கெதிரான கிளர்ச்சி ஓங்கியிருந்தது. 1877இல் சன் பிரான்சிஸ்கோவில் சீனர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. வாக்குகளை எண்ணும் அரசியலாருக்கு உடன்படிக்கை பெரிதாகத் தோன்றவில்லை. கேட்ட கல்வி கிடையாதெனில் இவர்களை அங்கு வைத்திருப்பதேன் என்ற கேள்விக்கு லீ ஹொங்சாங்கிடம் விடையில்லாது போயிற்று.

ஹார்ட்போர்ட்டு நண்பர்கள் வாளாவிருக்கவில்லை. யேல் தலைவர் நோவா போர்ட்டர் முதலானோர் முறையீடு அனுப்பினர். எழுத்தாளர் மார்க் ட்வெயினும் போதகர் ஜோசப் ட்விச்செலும் முன்னாட் சனாதிபதி கிராண்டைக் கண்டு பேச, அவர் லீ ஹொங்சாங்குக்குக் கடிதம் எழுதினார். சில மாதம் தாமதம் ஏற்பட்டது, அவ்வளவே. 1881இல் யாவரும் திரும்புக என்ற கட்டளை பிறந்தது. ஏறத்தாழப் பாதித் தூரத்திலே பயணம் நின்றது. பட்டம் பெற்றுவிட்டவர் இருவரே. அடுத்த ஆண்டு மே மாதம், சீனத் தொழிலாளர் அமெரிக்காவினுள் வருவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. திரும்பும் வழியிலே, ஓக்லண்ட் நகரக் குழுவினர் அவர்களைப் பேஸ்போல் ஆட அழைத்துத் தோற்றனர் என்பது மட்டும் அம்மாணாக்கருக்கு ஓர் ஆறுதல்.

ஷங்காயிலே அவர்களை வரவேற்க ஆளில்லை. காவலரோடு நடத்திச் சென்று, ஈரங் கசிந்த பழைய கட்டடமொன்றில் அடைத்து, சில நாள் வெளியே செல்லவும் விடவில்லை. அவர்களுள் ஒருவர் ஹார்ட்போர்ட்டிலிருந்த அம்மையாருக்கு எழுதிய கடிதம் இதனை விரிவாகச் சொல்கிறது. பின்னர் அவரவர் கற்றதைப் பாராது வேலை பகிரப்பட்டது. ஒரு குழு தந்திப் பாடசாலைக்கு, பலர் கடற்படைக்கு. 1884இல் பிரெஞ்சுக் கப்பல்கள் பூச்சௌத் துறையைத் தாக்கியபோது அவர்களுட் சிலர் உயிரிழந்தனர்.

பட்டம் பெற்ற இருவருள் ஒருவர் சான் தியன்யூ. யேலிலே பொறியியல் கற்று, புகைவண்டிப் பாதை அமைப்பதிலே தேர்ந்த அவரைப் பூச்சௌக் கடற்படைப் பாடசாலைக்கு அனுப்பினர்! புகைவண்டி வேலை அவருக்குக் கிடைத்தது ஏழு ஆண்டுகளின் பின், 1888இல். 1905இல், பீக்கிங்கிலிருந்து மலைகடந்து கல்கன் நகருக்குப் பாதையிட வேண்டியிருந்தது. தத்தம் நாட்டுப் பொறியியலாளரே அதனைச் செய்யவேண்டுமென்று பிரித்தானியரும் ருசியரும் போட்டியிட்டனர். இருவரும் வேண்டாமென்று வேலை சான் தியன்யூவிடம் வந்தது. ஏறத்தாழ 200 கிலோமீற்றர் நீளமான பாதை. படாலிங் மலையிலே 1,091 மீற்றர் சுரங்கத்தை, இரு முனையிலிருந்து மட்டுமன்றி, மேலேயிருந்து கிணறுபோல் இறக்கிய குழியாலும் குடைவித்தார். ஏற்றம் மிகுந்த இடத்திலே வண்டி ஒருமுறை முன்னோக்கிச் சென்று, பின் திசைமாறிப் பின்னோக்கி ஏறுமாறு தண்டவாளத்தை வளைத்தார். 1909இல் வேலை முடிந்தது.

ஏனையோருட் பலரும் காலஞ்சென்று மேலெழுந்தனர். தாங் ஷாவோயி 1912இல் சீனக் குடியரசின் முதற் பிரதமரானார். பாடசாலை நாளிற் பேஸ்போல் ஆடிய லியாங் செங், வாசிங்டனிலே சீனத் தூதராயிருந்து, 1900ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் சீனா செலுத்திய நட்டஈட்டில் மிகையானதைத் திருப்பித் தருமாறு வாதாடினார். 1908இல் அமெரிக்கப் பேரவை அதற்கு இசைந்தது. அப்பணம் மாணாக்கரை அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கென ஒதுக்கப்பட்டது.

யுங் விங்கின் இறுதிக்காலம் இவ்வாறு அமையவில்லை. 1852இலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்த அவரிடமிருந்து, 1898இல் அவ்வுரிமை பறிக்கப்பட்டது. சீனாவிலோ, சீர்திருத்தக்காரரோடு சேர்ந்தவரென்று அரசு அவரைத் தேடியது. 1902இல், மகன் யேலிலே பட்டம் பெறுவதைக் காண, சட்டப்படி நுழைய முடியாத நாட்டிலே எவ்வாறோ வந்து சேர்ந்தார். ஹார்ட்போர்ட்டிலேயே தங்கித் தம் வரலாற்றை எழுதி 1909இல் வெளியிட்டார்.

அதே 1909இல், நட்டஈட்டுப் பணத்தின் உதவியாற் கற்கச் சென்ற முதல் 47 மாணவர் ஷங்காயிலிருந்து கப்பலேறினர். அவர்களை அழைத்துச் சென்றவர் தாங் குவோவான். 1873இற் சிறுவனாய்ச் சென்று, 1881இல் திருப்பி அழைக்கப்பட்டவர். பின்னர்ச் சிங்குவாக் கல்லூரியின் முதற்றலைவரானவரும் அவரே. அக்கப்பல் அமெரிக்காவை அடைந்தபோது யுங் விங் எண்பது வயது கடந்தவராய் ஹார்ட்போர்ட்டிலே உயிரோடிருந்தார். 1912 ஏப்பிரலில் அந்நகரிலேயே காலமானார்.