கார்க் கோட்டின் கதை

சில ஆடைகள் ஒரு தேவையின் நிமித்தம் பிறக்கின்றன. தேவை மறைந்த பின்னரும் அவை மறைவதில்லை. வேறொரு பொருளைத் தாங்கிக்கொண்டு வாழ்கின்றன. தொடை வரை நீண்ட, கனத்த, பழைய பாணித் தோல் மேலங்கி அத்தகையது. கார்க் கோட் என்பது அதன் பெயர். வெப்ப நாட்டவரான நாம் தோல் மேலங்கியைப் பெரும்பாலும் திரையிலேயே கண்டிருக்கிறோம். அதுவும் நள்ளிரவில் கதவைத் தட்டும் இரகசியப் பொலிஸாரின் உடலில். ஆனால் அதன் தொடக்கம் அதிகாரத்தில் அல்ல, குளிரில் இருக்கிறது.

1886 இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்குக் கூரையும் இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. அதன் பின்னரும் நெடுங்காலம் ஓடிய கார்களிற் பெரும்பாலானவை திறந்தவையே. பிரித்தானியாவில் 1896 ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 14 மைல் வரையும், 1903 ஆம் ஆண்டுச் சட்டம் 20 மைல் வரையும் வேகத்தை அனுமதித்தன. இன்று சைக்கிளோட்டிக்கும் எட்டும் வேகந்தான். ஆயினும் தார் காணாத வீதியில், பனிக்காற்றை நேரே மார்பில் வாங்கியவாறு மணிக்கணக்காக அமர்ந்திருந்த சாரதிக்குக் கம்பளி போதவில்லை. கம்பளியினூடு காற்றுப் புகும், தோலினூடு புகாது. இலண்டனில் தந்தையின் சேணக் கடையை 1893 இல் பொறுப்பேற்ற அல்பிரட் டன்ஹில், காலத்தின் போக்கை உணர்ந்து, கார் ஓட்டுவோருக்கான தோல் மேலங்கிகளையும் தூசுக் கண்ணாடிகளையும் விற்கத் தொடங்கினார்.

1884 இல் ஓகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற குரோம் முறை, மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்த தோலைச் சில நாட்களிற் பதனிட வழிசெய்தது. அம்முறை தமிழகத்திற்கும் வந்தது. சென்னையின் குரோம்பேட்டை அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையாற் பெயர் பெற்ற ஊராகும். இழை நெருக்கமான குதிரைத் தோலும் மேலங்கிகளுக்கு விரும்பப்பட்டது. குதிரையை வீதியிலிருந்து அகற்றிய வாகனத்தின் சாரதி, குதிரையின் தோலையே போர்த்திக்கொண்டான்.

1919 இல் அமெரிக்கக் கார்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது திறந்தவை. 1929 அளவில் பத்துக்கு ஒன்பது மூடியவை. பத்தே வருடங்களிற் கோட்டின் தேவை போய்விட்டது. கணுக்கால் வரை தொங்கிய அங்கி, இருக்கையில் மடங்காதவாறு தொடையளவுக்குக் குறுகியது.

ஆனால் இதற்கிடையில் தோல் வேறொரு தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தது. ரஷ்யாவில் 1917 புரட்சியின் பின், சாரதிகளுக்கும் விமானிகளுக்கும் உரியதாயிருந்த தோலுடையைப் போல்ஷெவிக் ஆணையர்களும் சேக்கா எனும் இரகசியப் பொலிஸாரும் அணிந்தனர். யாக்கோவ் ஸ்வெர்ட்லோவ் தலை முதற் கால் வரை கறுத்தத் தோலுடையிற் காட்சியளித்தவர். போரிஸ் பில்னியாக் 1922 இல் வெளியிட்ட 'நிர்வாண ஆண்டு' நாவலில் போல்ஷெவிக்குகள் 'தோற்சட்டைகள்' என்றே சுட்டப்படுகின்றனர். கார் ஒரு சிலரிடம் மட்டுமே இருந்த நாட்டில், காரில் வந்து ஆளை ஏற்றிச் செல்பவரின் உடை அச்சத்தின் உடையானது இயல்பே எனக் கருதுகிறேன். பின்னர் ஜேர்மன் அதிகாரிகள் தம் சொந்தப் பணத்தில் வாங்கி அணிந்த நீண்ட தோல் மேலங்கிகளும், போருக்குப் பிந்திய திரைப்படங்களும் அப்பொருளை நிலைபெறச் செய்தன.

வெள்ளை வான் ஒன்று வீதியில் மெதுவாகச் சென்றாலே நடுங்கிய காலத்தைக் கண்டவர்கள் நாம். ஒரு சாதாரணப் பொருள் எவ்வாறு அச்சத்தின் சின்னமாகிறது என்பதை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

எனினும் சின்னங்கள் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியவையல்ல. 1966 இல் கலிபோர்னியாவின் ஒக்லண்டில் ஹியூயி நியூட்டனும் பொபி சீலும் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினர், கறுப்புத் தோலங்கி அணிந்தே பொலிஸாரின் முன் நின்றனர். அதிகாரத்தின் உடை அதை எதிர்ப்பவரின் உடையுமாயிற்று.

இன்று குளிர்நாடுகளில் வாழும் நம்மவர் பலர் இத்தகைய கோட்டை விரும்பி வாங்குகின்றனர். அவர்கள் அதன் பிறப்பை நினைவிற்கொள்வது நன்று. கடையில் நின்றபடி மட்டும் அணிந்து பார்த்தல் போதாது; அமர்ந்து, இரு கைகளையும் சுக்கானைப் பிடிப்பதுபோல் முன்னே நீட்டிப் பார்க்கவேண்டும். முதுகு இறுகினால் அது கார்க் கோட் அல்ல. முழங்கை மடிப்பு விழ விழக் கை குறுகுமாதலால், கை சற்று நீண்டிருத்தல் நலம். தோள் மட்டும் தொடக்கத்திலேயே சரியாகப் பொருந்தவேண்டும். அதன் பாரம் முழுவதையும் தோளே தாங்குகிறது. வீட்டில் அதைத் தொங்கவிடுவதும் அகன்ற தோளுடைய கொழுவியிலேயே. நனைந்தால் நெருப்பருகே உலர்த்தலாகாது. தோல் விறைத்து வெடிக்கும்.

நிறத்தையும் யோசித்தே தெரிவு செய்யவேண்டும். மண்ணிறக் கோட் பெரும்பாலோருக்குப் பழைய காரையே நினைவூட்டும். கறுப்பும் அழகே. ஆனால் அதை அணிந்துகொண்டு, எங்கோ ஒரு நாட்டிலிருந்து தப்பி வந்த முதியவர் ஒருவரின் கதவைத் தட்டும்போது, அவர் முதலிற் காண்பது உங்கள் முகத்தையல்ல என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.