மட்டையின் தலைக்கனம்: பிக்கிள்போல் மட்டை தெரிவு பற்றி ஒரு குறிப்பு

பாரமான பொருள்தான் நெடுநாள் உழைக்கும் என்பது எம்மவரிடம் ஊறிப்போன நம்பிக்கை. பித்தளைக் குடமும் இரும்புத் தாச்சியும் தேக்கங் கதவும் வளர்த்துவிட்ட நம்பிக்கை அது. ஒரு பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல பாரமாய் இருக்கு, உழைக்கும்" என்று சொல்லியே வாங்கிப் பழகியவர்கள் நாம். யேர்மனியில் பிக்கிள்போல் மட்டை வாங்கப் போகும்போதும் கை அதே சோதனையைத்தான் செய்கிறது. ஆனால் இங்கே அந்தச் சோதனை பிழையான விடையைத் தருகிறது. பிழைத்தால் போவது நூறு, இருநூறு யூரோ மட்டுமல்ல. ஐம்பது வயதைத் தாண்டிய முழங்கையும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொள்ளும். ஆகவே மட்டையின் பாரம் என்றால் என்ன, அதன் உழைப்பு எதில் தங்கியிருக்கிறது என்ற இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது.

விளையாட்டும் மட்டையும்

பிக்கிள்போல் 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் தோன்றியது. ஜோயல் பிரிட்சார்ட், பில் பெல், பார்னி மக்கலம் ஆகிய மூவரும் அதனை உருவாக்கினார்கள். ஆடுகளம் பட்மின்ரன் இரட்டையர் களத்தின் அளவேதான்: 13.41 மீற்றர் நீளம், 6.10 மீற்றர் அகலம். யேர்மனியில் பட்மின்ரன் கோடுகள் போட்ட உள்ளக மண்டபங்கள் எங்கும் உள்ளன. வலையை நடுவில் 86 சென்ரிமீற்றருக்கு இறக்கிக் கட்டினால் களம் தயார்.

முதல் மட்டைகள் ஒட்டுப்பலகையில் அறுக்கப்பட்டவை. 1984இல் போயிங் நிறுவனப் பொறியியலாளரான ஆர்லன் பரான்ரோ, விமானங்களின் தளத்துக்குப் பயன்படும் தேனடை அமைப்புப் பலகையைக் கொண்டு மட்டை செய்தார். இன்றைய மட்டைகளில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை. நடுவில் பொலிப்புரொப்பிலீன் பிளாஸ்ரிக்கால் ஆன தேனடை. இரு பக்கமும் கண்ணாடி இழை அல்லது கார்பன் இழைத் தகடு. சுற்றிவர ஒரு விளிம்புக் காப்பு. 2024 முதல் தேனடைக்குப் பதிலாக நுரைக் கரு வைத்த மட்டைகளும் சந்தைக்கு வந்துள்ளன.

இந்த வரலாற்றில் யேர்மனிக்கும் ஓர் இடம் உண்டு. பால்ஸ் மாநிலப் பகுதியிலுள்ள லண்டாவ் நகரில் 1952இல் தொடங்கிய யூலா நிறுவனம் பல பத்தாண்டுகளாக மேசைப்பந்துப் பொருட்களுக்குப் பெயர் பெற்றது. 2022இல் அது முன்னணி வீரர் பென் ஜோன்ஸை ஒப்பந்தம் செய்து பிக்கிள்போலுக்குள் நுழைந்தது. மேசைப்பந்து மட்டையின் கட்டை வேறு, இறப்பர் வேறு என்று பார்த்து வாங்கிப் பழகிய யேர்மனியருக்கு மட்டைத் தெரிவு ஒரு தனிக் கலை. நாம் அதில் சற்றுப் பின்தங்கியவர்கள். எமது முதல் துடுப்பு தென்னம் மட்டைதானே! பச்சையாய் வெட்டினால் பாரம், காய்ந்தால் லேசு; அதற்கு மேல் தெரிவு எதுவும் இருக்கவில்லை.

தலைக்கனம் எனும் கணக்கு

விதிகளின்படி மட்டையின் நீளமும் அகலமும் சேர்த்து 24 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. நீளம் மட்டும் 17 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும். நிறைக்கு எல்லை கிடையாது. கடைகளில் பெரும்பாலும் 210 கிராமிலிருந்து 245 கிராம் வரையான மட்டைகளே கிடைக்கின்றன. அமெரிக்கத் தயாரிப்புகளில் நிறை அவுன்ஸில் எழுதப்பட்டிருக்கும். ஓர் அவுன்ஸ் 28.35 கிராம். 7.5 அவுன்ஸுக்குக் கீழே லேசு என்றும், 8.3 அளவுக்கு மேலே பாரம் என்றும் பொதுவாகச் சொல்வார்கள்.

ஆனால் கை உணர்வது இந்த நிறையை அல்ல. ஒரே நிறையுள்ள இரண்டு மட்டைகளில் ஒன்று கோடரி போலவும் மற்றையது அகப்பை போலவும் தோன்றலாம். பாரம் எங்கே இருக்கிறது என்பதே காரணம். மட்டையை வீசும்போது ஒவ்வொரு கிராமும் கையிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப எதிர்க்கிறது. கையிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கும் 10 கிராமையும், 30 சென்ரிமீற்றர் தள்ளி நுனியில் இருக்கும் 10 கிராமையும் ஒப்பிடுங்கள். தூரம் மூன்று மடங்கு. வீசும்போது எதிர்ப்போ ஒன்பது மடங்கு. இதைத்தான் வீச்சு நிறை என்கிறார்கள். தலைப்பக்கம் பாரமான மட்டைக்கு யேர்மன் மொழியில் கொப்ஃப்லாஸ்டிக் என்று பெயர். எமது மொழியில் அதற்குத் தலைக்கனம் என்பதை விடப் பொருத்தமான சொல் வேண்டுமா?

தலைக்கனம் உள்ள மட்டை ஆழமாக அடிக்க உதவும். எதிரியின் வேகமான பந்து பட்டாலும் அசையாது. ஆனால் வலைக்கு அருகில் நின்று நொடிக்கு நொடி பந்தைத் திருப்பும் இரட்டையர் ஆட்டத்தில் அது பிந்தி வரும். பிந்தி வருவதை மணிக்கட்டு இழுத்துச் சரிசெய்யும்; அந்த இழுவையை முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாண் தாங்கும். ரெனிஸ் முழங்கை என்று நாம் அறிந்த நோவு இப்படித்தான் சேர்கிறது. மிக லேசான மட்டையும் குற்றமற்றதல்ல. அதில் பந்தின் அதிர்வு கையில் கூடுதலாக ஏறும். வேகம் எடுக்கப் பெரிதாக வீசவும் வேண்டும்.

கிரிக்கெற் ஆடி வளர்ந்தவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். கிரிக்கெற் பந்து ஏறத்தாழ 160 கிராம், துடுப்பு 1,200 கிராம் அளவு. அதாவது ஏழரை மடங்கு. ரெனிஸில் ஐந்து மடங்கு அளவு. பிக்கிள்போல் பந்து 22 முதல் 26.5 கிராம் வரைதான்; 235 கிராம் மட்டை அதைப் போல் ஒன்பது மடங்கு பாரம். இந்தப் பந்தை அனுப்ப மட்டையில் பாரம் போதாது என்ற கவலைக்கு இடமில்லை.

உழைப்பு எதில்?

மட்டை பழுதாகும் வழிகள் சில. முதலாவது, பந்தைச் சுழற்ற உதவும் மேற்பரப்பின் சொரசொரப்புத் தேய்வது. வாரத்தில் பலமுறை ஆடுவோருக்கு இது சில மாதங்களிலேயே தெரியும். இரண்டாவது, உள்ளே தேனடையின் அறைகள் நசுங்குவது. மூன்றாவது, தகடு கருவிலிருந்து பிரிவது. நான்காவது, விளிம்புக் காப்புக் கழன்று வருவது. ஐந்தாவது, கைப்பிடியின் கழுத்தில் வெடிப்பு. இவற்றில் எதையும் பாரம் தடுப்பதில்லை. ஒட்டின் தரமும் கட்டுமானமுமே தடுக்கின்றன.

பாரமும் உழைப்பும் ஒன்றாய் இருப்பது மர மட்டையில்தான். 300 கிராமைத் தாண்டும் ஒட்டுப்பலகை மட்டை பல வருடம் கிடக்கும், விலையும் குறைவு. பிள்ளைகள் பழகும் கூடங்களுக்கு நல்லது. ஆனால் அதனுடன் மாலை முழுதும் ஆடிய கை மறுநாள் பதில் சொல்லும்.

கெட்டியான, நிதானமான உணர்வு வேண்டுவோர் நிறையைத் தேடாமல் கருவின் தடிப்பைப் பார்க்கவேண்டும். 16 மில்லிமீற்றர் கரு பந்தை மென்மையாய் ஏற்று அதிர்வைக் குறைக்கும். 13, 14 மில்லிமீற்றர் கரு பந்தை வேகமாய்த் தள்ளும். சூட்டில் அழுத்தி ஒரே உடலாய் வார்த்து விளிம்பில் நுரை நிரப்பிய மட்டைகள் வலுவானவை. ஆயினும் அவற்றின் ஆரம்பத் தயாரிப்புகள் சிலவற்றில் தகடு பிரியும் குறை பரவலாகப் பேசப்பட்டது. போட்டிகளில் ஆட விரும்புவோர் அங்கீகாரப் பட்டியலையும் பார்க்கவேண்டும். 2024 மே மாதத்தில் அமெரிக்கப் பிக்கிள்போல் அமைப்பு யூலாவின் சில புதிய மட்டைகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது. நிறுவனம் நீதிமன்றம் சென்றது. வாங்கியவர்கள் நடுவில் நின்றார்கள்.

வீட்டில் செய்யும் சோதனை

சமையலறைத் தராசில் மட்டையை நிறுத்துப் பாருங்கள். ஒரே மாதிரியில்கூடச் சில கிராம் வேறுபடும். பின்னர் ஓர் அடிமட்டத்தின் விளிம்பில் மட்டையைக் குறுக்கே வைத்து, சமநிலையாக நிற்கும் புள்ளியைக் குறியுங்கள். அப்புள்ளி நுனிப்பக்கம் போகப் போகத் தலைக்கனம் கூடுகிறது. மூன்றாவதாக, சட்டி வாங்கும்போது அம்மாமார் செய்வது போல் விரல் மொழியால் தகடு முழுதும் தட்டுங்கள். ஒரே ஓசை வந்தால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் ஓசை மாறினால் அங்கே ஒட்டு விட்டிருக்கலாம்.

தெரிவில் ஐயம் இருந்தால் லேசான பக்கமே சாயுங்கள். பாரத்தைப் பின்னர் கூட்டலாம்; குறைக்க வழியில்லை. ரங்ஸ்ரன் பட்டியில் சில கிராமைத் தலையின் இரு பக்கவாட்டிலும் ஒட்டினால் மட்டை திரும்பாமல் நிற்கும். நுனியில் ஒட்டுவதைப் போல் வீச்சைப் பாரமாக்காது. ஈயப் பட்டி மலிவானது, ஆனால் நஞ்சு, தவிர்ப்பது நல்லது. கைப்பிடியில் ஒரு மேலுறை சுற்றினால் மொத்த நிறை கூடும், தலைக்கனமோ குறைந்ததாய்த் தோன்றும்.

யேர்மனியின் குளிருக்கும் ஓர் எச்சரிக்கை. பொலிப்புரொப்பிலீன் உறைநிலையை அண்டும்போது நொருங்கும் தன்மை பெறுகிறது. மாரியில் மட்டையைக் காரின் பின்பெட்டியில் விட்டு, அப்படியே எடுத்துப் போய் அடிக்க வேண்டாம். கோடையில் அதே பெட்டியின் சூடு ஒட்டைக் கெடுக்கும்.

சட்டம் தரும் காப்பு

இணையத்தில் வாங்கிய பொருளை, கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமை இங்கே உண்டு. ஆனால் கடையில் பார்ப்பது போல் பார்க்கலாமே தவிர, ஆடித் தேய்த்துவிட்டால் பெறுமதி இழப்பைக் கேட்கலாம். ஆகவே தராசும் அடிமட்டமும் முதல், பந்து பிறகு. குறைபாடுகளுக்கு விற்றவரே இரண்டு வருடம் பொறுப்பு. 2022 ஜனவரி முதல், பொருள் கிடைத்து 12 மாதங்களுக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிறுவுவது விற்றவர் பாடு. முன்னர் அது ஆறு மாதமாக இருந்தது. இயல்பான தேய்மானம் இதில் அடங்காது. தகடு பிரிவதை முறையிடலாம். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

முடிவாக, வாரத்தில் ஓரிரு மாலை ஆடும் நடுத்தர வயதினருக்கு 220 முதல் 230 கிராம் வரை நிறையும், 16 மில்லிமீற்றர் கருவும், அதிகம் தலைக்கனம் இல்லாத சமநிலையும் உள்ள மட்டை பொருந்தும். கெட்டியான உணர்வு பிறகும் தேவைப்பட்டால் பட்டி ஒட்டிக்கொள்ளலாம். தாச்சி பேரப்பிள்ளை வரை உழைத்தது உண்மைதான். மட்டை அப்படி உழைக்காது. அது தேய்ந்தால் இன்னொன்று வாங்கலாம். உழைக்கவேண்டியது கை.